திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்கள்: ஒரு படம், ஒரு காட்சி சொல்லுங்கள்

காலிவீதிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில். அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு கனடாவிலிருந்து வந்து நிற்கிறார்கள், அம்மாவும் இணுவிலிலிருந்து வந்திருக்கிறா. பௌர்ணமிக்கு விடுமுறை விடுகிற போயா நாட்களில் பின்னேரம் எல்லாரும் முன்னறையில் ஒன்றாக இருந்து ஒரு படம் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கம். இப்போது ஆட்கள் கூடிவிட்டதால் எந்தப் படம் போடுவது என்பதே பெரிய கதையாகிவிட்டது. புதுப்படம் போட்டால் அம்மா அரை மணித்தியாலத்தில் எழுந்து குசினிக்குப் போய்விடுகிறா. பழைய படம் போட்டால் பிள்ளைகள் போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

"பார்க்க வேண்டிய நூறு படங்கள்" மாதிரிப் பட்டியல்கள் எனக்கு வேண்டாம், அவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. நான் கேட்பது வேறு. நீங்கள் பலமுறை பார்த்து, கதை, வசனம், யார் எப்போது அழப்போகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தும், ரீவியில் போனால் செய்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு நின்று பார்க்கிற படம் எது? அதில் உங்களை நிறுத்துகிற அந்த ஒரு காட்சி எது? அதைச் சொல்லுங்கள்.

முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். தில்லானா மோகனாம்பாள், 1968, ஏ.பி. நாகராஜன் எடுத்தது. காட்சி "நலந்தானா". இதை யாரும் சொல்வார்கள்தான், ஆனால் எங்கள் வீட்டில் இதைப் பார்க்கிற விதம் கொஞ்சம் வேறு. அம்மா இணுவில் ஆள், நாதஸ்வரமும் தவிலும் காதில் விழாத விடியற்காலை அந்த ஊரில் இல்லை, கோயில் திருவிழாக்களில் தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரே கேட்டவ. அதனால் படம் ஓடும்போது அவ சிவாஜியின் முகத்தைப் பார்ப்பதே குறைவு. விரலைத்தான் பார்ப்பா. எந்தத் துளை மூடுகிறது, எங்கே கன்னம் உப்புகிறது, எங்கே மூச்செடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டு தொடையில் தாளம் போடுவா. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "இந்த மனுசன் வாசிக்கத் தெரியாமல் இப்படிப் பிடிக்க ஏலாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவா. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கப் பார்க்க எனக்கும் இப்போது கண் விரலுக்குத்தான் போகிறது.

இப்படி ஒன்று சொல்லுங்கள். வருகிற போயாவுக்கு அதிலிருந்து எடுத்துப் போடுகிறேன்.


செல்லமஹால் எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன் நான், செல்லமஹால் என்ற பெயரே அங்கேயிருந்த தியேட்டரின் பெயர்தான். எங்கள் காலத்தில் ஒரு படம் இரண்டாம் முறை பார்ப்பதென்றால் அது தியேட்டருக்குத் திரும்பி வரவேண்டும். வரும்வரைக்கும் இலங்கை வானொலியில் பாட்டைக் கேட்டுக்கொண்டு படத்தை மனதுக்குள் ஓட்ட வேண்டியதுதான். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் ஒரு பாட்டுக் கேட்டால் எனக்கு அதற்கு முன்னால் வருகிற வசனமும் சேர்ந்து கேட்கும்.

என் படம் காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதர், 1964. காட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான், நாகேஷ் தன் படக்கதையைப் பாலையாவுக்குச் சொல்கிற இடம். செல்லப்பாவும் அவருடைய ஓஹோ புரொடக்‌ஷன்சும். அந்தக் காட்சியில் சின்ன வயதில் எல்லாரும் நாகேஷைத்தான் பார்ப்போம், காற்று, கதவு, காலடி எல்லாச் சத்தத்தையும் அவர் தன் தொண்டையிலிருந்தே எடுப்பார். ஆனால் அடுத்தமுறை நாகேஷை ஒரு தரமும் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அங்கே பேச்சே இல்லாத மாதிரி. மகன் ஏதோ உளறப் போகிறான் என்று அலட்சியமாக உட்கார்ந்த பெரிய மனிதர், கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் போகிறார், வாய் திறக்கிறது, கண் பிதுங்குகிறது, உடம்பு கதிரைக்குள் ஒடுங்குகிறது. பயப்படுகிறவர் ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் கதையில் பயமே இல்லை. நாகேஷ் சொல்கிற கதையில் ஒரு மண்ணும் கிடையாது, அது படமாவதே பாலையாவின் முகத்தில்தான்.

இதைக் கவனித்த பிறகு எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. அடுத்த வருடமே, 1965இல், திருவிளையாடல். ஹேமநாத பாகவதர் அதே பாலையா. மதுரையையே பாட்டுக்கு அடிமையாக்க வந்தவர், விறகுவெட்டி வேடத்தில் வந்த சிவாஜி திண்ணையிலிருந்து பாடுகிற "பாட்டும் நானே"யைக் கேட்கிறார். அங்கேயும் அவர் வேலை கேட்பதுதான். கேட்கக் கேட்க அந்த முகத்தில் ஆணவம் இறங்குகிறது பாருங்கள், அதை வசனமாக எழுதியிருந்தால் இவ்வளவு வந்திராது. பிறகு 1968இல் நீங்கள் சொன்ன தில்லானா. உங்கள் அம்மா விரலைப் பார்க்கட்டும், நீங்கள் ஒருமுறை நலந்தானாவில் தவிலோடு இருக்கிற பாலையாவைப் பாருங்கள். ஆடுகிற பத்மினிக்கும் வாசிக்கிற சிவாஜிக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கிறது என்று அந்த மேடையில் முதலில் விளங்குவது அவருக்குத்தான், கை தவிலை விடாது, முகம் கலங்கும்.

நாலு வருடத்துக்குள் மூன்று படம், மூன்றிலும் ஒருவர் சொல்வதையோ பாடுவதையோ வாசிப்பதையோ கேட்கிற ஆள். 1936இல் சதிலீலாவதியில் தொடங்கிய நடிகர் அவர், எங்கள் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அத்தனை வருட அனுபவம் இருந்தால்தான் பேசாமல் இருந்து ஒரு காட்சியைத் தூக்கிப் பிடிக்கலாம் போல.

என் அபிப்பிராயம் இதுதான்: முதல் தரம் பேசுகிறவரைப் பார்க்கிறோம். பிறகு பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறவரைப் பார்க்கத் தொடங்குகிறோம். அங்கே ஒன்றும் இல்லாத படம் மறுமுறைக்கு நிற்காது.


நீர்கொழும்புவீதி எழுதியது:

செல்லமஹால் அண்ணை எழுதியதை வாசித்துவிட்டு உடனே யூடியூபில் போய் அந்தக் காட்சியைப் பார்த்தேன், பாலையாவை மட்டும். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை.

என் படம் எல்லாருக்கும் பிடிக்காது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் பிடிக்காது, என்றாலும் சொல்கிறேன். பாலு மகேந்திராவின் வீடு, 1988. பாட்டு இல்லை, சண்டை இல்லை. அர்ச்சனா வேலைக்குப் போகிற ஒரு சாதாரணப் பெண், தங்கச்சியும் தாத்தாவும்தான் குடும்பம், வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்கிறார்கள், சரி சொந்தமாக ஒன்று கட்டுவோம் என்று தொடங்குகிறா. அவ்வளவுதான் கதை. அஸ்திவாரம், கடன், கல், மணல், மழை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது இதற்கு.

நாங்கள் வத்தளையில் வீடு கட்டத் தொடங்கியது பொருளாதார நெருக்கடிக்குக் கொஞ்சம் முந்தி. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், சீமெந்து விலை ஏறியது, கம்பி விலை ஏறியது, சாமான் இல்லை என்றார்கள், வேலையை எடுத்தவர் முற்பணத்தை வாங்கிக்கொண்டு இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தார். அந்த நாட்களில் இரவில் நானும் இவரும் வீடு படத்தை மறுபடி பார்த்தோம். படத்தில் சீமெந்து களவு போவதைக் கொந்தராத்துக்காரர் சொல்லவில்லை, சாந்து சுமக்கிற பெண்தான் வந்து சொல்கிறா, பசி சத்யா நடித்தது. முன்பு பார்த்தபோது அது எனக்கு ஒரு சின்னக் காட்சி. தலையில் சட்டியோடு நிற்கிற ஒரு பெண், தன் கூலி போய்விடும் என்று தெரிந்தும், தனக்கு ஒருபோதும் கிடைக்கப்போகாத ஒரு வீட்டின் சுவருக்காகப் பேசுகிறா என்பது எங்கள் வளவில் சீமெந்து மூட்டையை எண்ணிக்கொண்டு நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் என்னை நிறுத்துகிற காட்சி அது இல்லை, தாத்தா வீட்டைப் பார்க்க வருகிற காட்சி. சொக்கலிங்க பாகவதர். குடையோடு தனியாக வருகிறார். கூரை வந்துவிட்டது, பூச்சு இல்லை, கதவு இல்லை. ஒவ்வொரு அறையாக நடக்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், பேச ஒருவரும் இல்லை. பின்னால் இளையராஜாவின் இசை மட்டும், அவருடைய ஹௌ டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்தது. அந்த வீட்டில் அவர் இருக்கப்போவதில்லை என்று படத்தை முன்பு பார்த்த எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முதல் தரம் பார்ப்பவருக்கு அது ஒரு வயதானவர் வீடு பார்க்கிற காட்சி, அவ்வளவுதான். தெரிந்து பார்க்கிறவருக்குத்தான் அது அந்தக் காட்சியாகிறது. திரும்பப் பார்ப்பதன் அர்த்தமே எனக்கு இதில்தான் இருக்கிறது.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். பாலு மகேந்திரா எங்கள் மட்டக்களப்பு ஆள், அமிர்தகழி. பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் தனக்குப் படம் எடுக்கிற ஆசை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வீடு படத்துக்கும் வேர் இங்கேதான், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கி, அந்தக் கஷ்டத்தில் ஆளே மாறிப்போனதைப் பார்த்த ஞாபகம் அது. மதராஸில் எடுத்த படம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் மட்டக்களப்பு வெயில் தெரிகிறது.


பம்பலப்பிட்டிப் பெடியன் எழுதியது:

அக்கா, அண்ணை, எல்லாரும் சொல்வது சரி, ஆனால் கேள்வி கேட்ட அக்காவின் வீட்டில் கனடாப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டீர்கள் போல. வீடு போட்டால் அந்தப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். நல்ல படம்தான், தனியாகப் பார்க்க வேண்டிய படம். சேர்ந்து பார்க்கிற படம் வேறு. சேர்ந்து பார்க்கிற படத்தில் அடுத்த வசனம் வருவதற்கு முன்பே வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் அழகு.

நான் சொல்வது மைக்கேல் மதன காமராஜன். 1990, சிங்கீதம் சீனிவாச ராவ், வசனம் கிரேசி மோகன். நாலு கமல். எங்கள் வீட்டில் இதை அப்பா தொடங்கி வைத்தார், இப்போது தங்கச்சிக்கு முழுப் படமும் பாடம். கிரேசி மோகன் வசனத்தில் உள்ள சங்கதி என்னவென்றால் ஒரு பகிடிக்குச் சிரித்து முடிக்கும் முன்பே அடுத்தது போய்விடும், ஆகவே ஒருமுறையில் பாதிதான் காதில் விழும். மிச்சத்துக்காகத் திரும்பிப் போக வேண்டும். அத்தோடு கடைசியில் மலை விளிம்பில் அந்த மரவீடு ஒருபக்கம் சாய, ஆட்கள் எல்லாரும் மறுபக்கம் ஓட, அது திரும்பி இந்தப் பக்கம் சாயும் இடத்துக்கு மொழியே தேவையில்லை. தமிழ் விளங்காத பிள்ளைகூடச் சிரிக்கும்.

காட்சி என்று ஒன்று சொல்லச் சொன்னால், கல்யாண வீட்டுச் சமையல், சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடுகிற இடம். செல்லமஹால் அண்ணையின் கணக்குப்படி பார்த்தால் அங்கே பார்க்க வேண்டியது சமையல்காரக் கமல் காமேஸ்வரனை இல்லை, பாலக்காட்டு மணி ஐயர் டெல்லி கணேஷை. வாழ்நாள் முழுக்க ஆசாரமாகச் சமைத்த மனுசனுக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும்போது முகம் போகிற போக்கு.

புதிதில் ஒன்று வேண்டுமென்றால் டூரிஸ்ட் ஃபேமிலி. 2025 மே மாதம் வந்தது, இயக்குநர் அபிஷன் ஜீவிந்த், சசிகுமார், சிம்ரன். இங்கே நெருக்கடி வந்து வாழ ஏலாமல் இராமேஸ்வரத்தில் போய் இறங்குகிற ஒரு குடும்பம். உங்கள் அம்மாவும் எழும்பமாட்டா, பிள்ளைகளும் எழும்பமாட்டார்கள், ஏனென்றால் அதில் சின்னப் பெடியன் கமலேஷ் இருக்கிறான். எங்கள் பேச்சைச் சென்னையில் மறைத்து வாழவேண்டிய நிலையில், வாயைத் திறந்தாலே பிடிபட்டுவிடுகிற அந்தச் சங்கடம் நாங்கள் எல்லாரும் எங்கேயோ ஒரு இடத்தில் பட்டதுதான். கொழும்பிலேயே பட்டவர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸில் போனில் கதைக்கும்போது குரலைக் குறைத்தவர்கள்.

தெனாலியை மட்டும் யாரும் சொல்லாதீர்கள். எனக்கு அதைப் பார்க்க ஏலாது. பயத்தை வைத்துச் சிரிக்க வைப்பது எனக்குச் சரிவரவில்லை.


ஹெந்தளைச்சந்தி எழுதியது:

தம்பி, தெனாலியைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் படத்தில் எங்கள் ஆள் ஒருவர் கதாநாயகனாக வந்து, எல்லாவற்றுக்கும் ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்று கேட்டால் அங்கே நடந்ததுதான் காரணம் என்று சொல்கிறான். அந்தப் பயத்தின் பட்டியலைக் கமல் மூச்சுவிடாமல் சொல்கிற இடத்தில் தியேட்டரே சிரித்தது, எனக்குப் பக்கத்தில் இருந்த சித்தப்பா சிரிக்கவில்லை. ஒரே காட்சியை இரண்டு கூட்டம் இரண்டு விதமாகப் பார்த்தது. கமலின் பேச்சுக்கு எங்கள் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது துணை நின்றார், படத்திலும் வருவார். அதனால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இதற்கில்லை. இவ்வளவு பேர் எழுதியும் இந்த மண்ணில் எடுத்த படம் ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் கோடம்பாக்கம். அதில் பிழையில்லை, நானும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். என்றாலும் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர் யாழ்ப்பாணத்துக்குப் போய், அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டு, 1977இல் பொன்மணி என்று ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். சாதி, சீதனம், குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீட்டின் மூச்சுமுட்டு எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் குத்துவிளக்கு, கோமாளிகள், செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த வாடைக்காற்று. எங்களுக்கென்று ஒரு சினிமா எழும்பிக்கொண்டு வந்த காலம் அது.

பிறகு 83 ஜூலைக் கலவரம். தமிழர்களுடைய தியேட்டர்கள் பல எரிந்தன. எங்கள் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அங்கே சாம்பலானவற்றில் சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் அடக்கம். தமிழனுடைய சொத்து என்று நெருப்பு வைத்தவர்கள் தங்களுடைய சினிமாவையும் சேர்த்து எரித்தார்கள். திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் எது என்று இங்கே பேசுகிறோம், திரும்பப் பார்க்க ஒரு பிரதி மிஞ்ச வேண்டுமே. இந்தக் கேள்வியை வாசித்ததும் எனக்கு முதலில் வந்த எண்ணம் அதுதான்.

இப்போது கிடைக்கிறதில் சொல்கிறேன். அசோக ஹந்தகமவின் இனி அவன், 2012. தமிழ்ப் படம்தான். போரில் இருந்தவன் ஒருவன் யாழ்ப்பாணத்தில் தன் ஊருக்குத் திரும்பி வருகிறான். தர்ஷன் தர்மராஜ் நடித்தது, 2022இல் அவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. அவன் ஊருக்குள் நடந்து வரும்போது ஊர் அவனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வரவேற்பதா கதவைச் சாத்துவதா என்று தெரியாத பார்வை, அதில் எல்லாம் இருக்கிறது. செல்லமஹால் அண்ணை, உங்கள் பேச்சில்லாத முகங்கள் இங்கேயும் உண்டு, ஒரு ஊரே அப்படி நிற்கிறது.

பிரசன்ன விதானகேயின் ஒப நத்துவ ஒப எக்க என்ற படமும் அதே வருடம். தஸ்தயேவ்ஸ்கியின் கதை ஒன்றை மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, அடகுக்கடை வைத்திருக்கிற ஒரு சிங்களவர், அங்கே நகை அடகு வைக்க வருகிற ஒரு தமிழ்ப் பெண் என்று மாற்றியிருப்பார். அவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பது தெரியவரும்போது அந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் இடையில் விழுகிற மௌனம் எனக்கு எந்தப் போர்ப் படத்திலும் கிடைக்கவில்லை. மேல் வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு இருந்து இதைப் பார்த்தேன். படம் முடிந்த பிறகு அந்த அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தா.


நீர்கொழும்புவீதி எழுதியது:

சந்தி அண்ணா எழுதியதை வாசித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மிகவும் பிடித்தும் திரும்பப் பார்க்க முடியாத படமும் இருக்கிறது. எனக்கு அது கன்னத்தில் முத்தமிட்டால். 2002இல் பார்த்தேன், பாட்டுகளை இன்றைக்கும் கேட்கிறேன், ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்த இசை. கடைசியில் அந்தப் பிள்ளை தாயைச் சந்திக்கிற பூங்காக் காட்சியை என்னால் மறுபடி இருந்து பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதை ஒன்று அதில் கிடக்கிறது, அதை இங்கே எழுத விருப்பமில்லை. யாராவது அந்தப் படத்தை விருந்தாளிகளுக்குப் போடுவதாக இருந்தால், முதலில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.


செல்லமஹால் எழுதியது:

பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

ஹெந்தளைத் தம்பிக்கு: விஜயா ஸ்டூடியோ எரிந்த புகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். நீங்கள் அதைச் சொன்னது நல்லது, இளம் ஆட்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே எடுத்த படம் என்றால் பைலட் பிரேம்நாத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978, திரிலோகசந்தர், சிவாஜிக்கு ஜோடி எங்கள் மாலினி பொன்சேகா. சினிமாவாக அதைப் பெரிய படம் என்று சொல்லமாட்டேன், சிவாஜியின் நல்ல படங்களோடு வைக்க முடியாது. ஆனால் இலங்கையின் வீதியையும் கரையையும் அந்த நாள் நிறத்தில் பார்க்கலாம். மாலினி 2025 மே மாதம் காலமானபோது சிங்களவர், தமிழர் என்றில்லாமல் துக்கப்பட்டார்கள், எங்கள் வீட்டில் அன்றிரவு அந்தப் படத்தைத்தான் போட்டோம்.

பம்பலப்பிட்டித் தம்பி, டெல்லி கணேஷைச் சொன்னீர்களே, மனம் நிறைந்தது. அந்த ஆள் எந்தப் படத்தில் வந்தாலும் பக்கத்தில் இருப்பவரை நல்ல நடிகராகக் காட்டிவிடுவார்.


பம்பலப்பிட்டிப் பெடியன் எழுதியது:

சந்தி அண்ணா, தெனாலியைப் பற்றி உங்கள் சித்தப்பா சிரிக்கவில்லை என்று எழுதிய வரியை இரண்டு தரம் வாசித்தேன். நான் பார்த்தபோது என்னோடு இருந்த எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் கோபம் வந்தது அந்தச் சிரிப்பின் மேல்தான் என்று நினைக்கிறேன், படத்தின் மேல் இல்லை. வீட்டில் ஒருமுறை அமைதியாக இருந்து பார்க்கிறேன். பிடிக்காமல் போனால் வந்து சொல்வேன்.

பொன்மணி எங்கே கிடைக்கும்? நல்ல பிரதி யாரிடமாவது இருக்கிறதா?


ஹெந்தளைச்சந்தி எழுதியது:

நல்ல பிரதி என்று நான் ஒன்றும் பார்க்கவில்லை தம்பி. திரைப்பட விழாக்களிலும் பத்திராஜ நினைவுத் திரையிடல்களிலும் போடுவார்கள், அப்படி ஏதும் கொழும்பில் நடந்தால் இங்கே எழுதுகிறேன். அவர் 2018இல் இறந்த பிறகு அவருடைய படங்களைப் பற்றிப் பேச்சுக் கொஞ்சம் கூடியிருக்கிறது. பம்பரு எவித் கிடைத்தால் அதையும் பாருங்கள், சிங்களம்தான், 1978. கற்பிட்டிப் பக்கத்து மீனவக் கிராமம், வெளியிலிருந்து வருகிற பணக்காரப் பெடியன்கள். மொழி முழுக்க விளங்காவிட்டாலும் கடற்கரை விளங்கும்.


காலிவீதிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. நான் ஒரு படம் கேட்டேன், நீங்கள் எனக்கு ஒரு வருடத்துக்குப் போதுமானதைத் தந்துவிட்டீர்கள்.

நேற்றுப் பின்னேரம் போயா வரைக்கும் பொறுக்க முடியாமல் அம்மாவுக்குப் பாலையா விசயத்தைச் சொன்னேன். நலந்தானாவை மறுபடி போட்டோம். அம்மா பாட்டு முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "தவில்காரன் எப்பவும் நாதஸ்வரக்காரனின் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பான், அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்" என்றா. இணுவிலில் திருவிழா மேளத்தில் முன்வரிசையில் இருந்தவ, அவவுக்கு அது நடிப்பு என்றே படவில்லை. செல்லமஹால் அண்ணை, இதை உங்களுக்குச் சொல்லத்தான் அவசரமாக எழுதினேன்.

வீடு படத்தைப் பிள்ளைகள் படுத்த பிறகு நானும் அக்காவும் பார்க்கப்போகிறோம். அக்கா கனடாவில் இப்போதுதான் வீடு வாங்கி இருக்கிறா, அவவுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கன்னத்தில் முத்தமிட்டால் பற்றி எழுதிய தங்கச்சிக்குத் தனியாக நன்றி, அது எங்கள் பட்டியலில் இருந்தது, அம்மாவிடம் கேட்டேன், வேண்டாம் என்றா. விட்டுவிட்டோம்.

போயாவுக்கு முதலில் காதலிக்க நேரமில்லை, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரமிருந்தால் மைக்கேல் மதன காமராஜன். பிள்ளைகளுக்குக் கீழே ஆங்கில எழுத்து ஓடுகிற பிரதி வேண்டும். மூத்தவனுக்குப் பேச்சு விளங்கும், சின்னவளுக்குத்தான் கஷ்டம். யாருக்காவது தெரியுமா?


பம்பலப்பிட்டிப் பெடியன் எழுதியது:

அக்கா, எழுத்து ஓடுகிற பிரதி கிடைத்தாலும் கிரேசி மோகன் வசனத்துக்கு அது உதவாது, பாதி பகிடி அதில் காணாமல் போய்விடும். சின்னவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மூத்தவனைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இடையிடையே நிறுத்தி நிறுத்தி, நாலு மணித்தியாலம் பிடித்தது. காதலிக்க நேரமில்லைக்கு எழுத்துத் தேவையே வராது.

இன்னொன்று, படத்தை மாலை ஐந்து மணிக்கே தொடங்குங்கள். இரண்டும் நீளமான படங்கள், எட்டு மணிக்குத் தொடங்கினால் மரவீடு சாயும் நேரத்துக்குச் சின்னவள் நித்திரையாகிவிடுவாள்.